விழுந்தவர்களைச் சபை என்ன செய்தது?



ஆதித் திருச்சபை என்றவுடன் இரத்தசாட்சிகளே நம் நினைவுக்கு வருகிறார்கள். உபத்திரவ நாட்களில் கிறிஸ்துவை மறுதலித்தவர்களும் திரளாய் இருந்தார்கள். அவர்கள் பின்பு என்ன ஆனார்கள் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

ரோமப் பேரரசன் டீசியஸின் கட்டளை கி.பி. 250-இல் நடைமுறைக்கு வந்தது. குடிமக்கள் தெய்வங்களுக்குப் பலியிட்டு, படைத்ததை அதிகாரிகள் முன் ருசிபார்த்து, அதற்குச் சான்றிதழ் பெறவேண்டும். அவ்வாண்டில் எழுதப்பட்ட அத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலில் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. ரோமாபுரியின் கண்காணியாகிய ஃபேபியன் அவ்வாண்டு ஜனவரியிலேயே உயிர்துறந்தார். மற்றவர்களோ? இன்றைய துனீசியாவிலுள்ள கார்த்தேஜ் நகரத்தில் ஒருவரும் பிடிக்குமுன்பே விசுவாசிகள் பலர் தாங்களாகவே பலிபீடத்துக்கு ஓடினார்கள் என்று அந்நகரத்தின் கண்காணி சிப்ரியான் துயரத்தோடு எழுதுகிறார். பொழுது சாய்ந்ததால் நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்ல, இன்றே முடித்துவிடும்படி கெஞ்சினவர்களும் உண்டாம். வேறு சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழை வாங்கிக்கொண்டார்கள்.

புயல் ஓய்ந்ததும் விழுந்தவர்கள் சபையின் வாசலில் வந்து நின்றார்கள். சிறையில் பாடு அனுபவித்த சிலர், மன்னிப்புச் சீட்டுகளைத் தாராளமாய் எழுதிக் கொடுத்தார்கள். இவரையும் இவரைச் சேர்ந்தவர்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பெயரும் எண்ணிக்கையும் இல்லாத சீட்டுகள்கூட வந்தன. இதற்கு நேர்மாறாக ரோமாபுரியில் நோவேஷியன் என்னும் போதகர், மறுதலித்தவருக்குச் சபையில் இனி இடமே இல்லை என்று சொல்லித் தனிக்கூட்டமாய்ப் பிரிந்துபோனார். அவர் கல்வியில் சிறந்தவர். திரித்துவத்தைக் குறித்து அவர் எழுதிய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. ஆயினும் பேதுருவையே அவர் வெளியே நிறுத்தியிருப்பாரோ என்று கேட்கத் தோன்றுகிறது!

251-இல் கார்த்தேஜில் கண்காணிகள் கூடி இவ்விரு வழிகளையும் தள்ளினார்கள். அவரவர் எப்படி விழுந்தார் என்று தனித்தனியே விசாரித்தார்கள். சான்றிதழ் மட்டும் வாங்கினவர்களை, அவர்களுடைய மனந்திரும்புதலைப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். பலியிட்டவர்களோ நெடுங்காலம் கண்ணீரோடு காத்திருக்கவேண்டியிருந்தது. ஆனாலும் மரணத்தறுவாயில் சமாதானம் மறுக்கப்படவில்லை. அடுத்த உபத்திரவம் நெருங்குவதாகத் தோன்றியபோது, காத்திருந்த அனைவரையும் உடனே சேர்த்துக்கொண்டார்கள். யுத்தத்துக்குப் போகிறவனை ஆயுதமில்லாமல் அனுப்பலாமா என்பதே சிப்ரியானின் வாதம். முதல் உபத்திரவத்தில் மறைந்து வாழ்ந்ததற்காக ஏச்சு வாங்கிய அவரும் 258 செப்டம்பர் 14-இல் இரத்தசாட்சியாய் மரித்தார்.

பிழைப்புக்காக மும்பைக்கும் பெங்களூருக்கும் டில்லிக்கும் வந்து ஆராதிக்கிற நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஊரில் ஒருவன் நான்கு வாரம் சபைக்கு வராவிட்டால் பெரியப்பாவோ அத்தையோ கேட்டுவிடுவார்கள். இங்கே குடியிலோ கடனிலோ தகாத உறவிலோ விழுந்தவன், வெட்கத்தால் ஒரு ஞாயிறு நின்றுவிட்டால், வேறு சபைக்குப் போய்விட்டான் என்று நாமும் விட்டுவிடுகிறோம். இல்லையேல், ஒன்றும் நடவாததுபோல அடுத்த வாரமே அவனைச் சாட்சி சொல்ல நிறுத்துகிறோம். உட்கார்ந்து கேட்டு, கூட அழுது, பொறுமையாய்ச் சீர்ப்படுத்த யாருக்கு நேரமிருக்கிறது? கலாத்தியர் 6:1 இதைச் சாந்தமுள்ள ஆவியோடே செய்யச் சொல்லுகிறதே. உங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு முன்பு வந்து, இப்பொழுது வராதவர் யாரென்று சற்றே யோசியுங்கள்.

அக்காலத்தில் அலெக்சந்திரியாவின் கண்காணியாயிருந்த தியோனீசியு எழுதிய கடிதம் ஒன்றை, சபைச் சரித்திர ஆசிரியர் யூசிபியஸ் காத்து வைத்திருக்கிறார். செராப்பியோன் என்னும் முதியவர் நெடுங்காலம் குற்றமின்றி வாழ்ந்து, சோதனையில் பலியிட்டுவிட்டார். பலமுறை மன்றாடியும் ஒருவரும் அவருக்குச் செவிகொடுக்கவில்லை. நோயுற்று மூன்று நாள் பேச்சு மூச்சின்றிக் கிடந்தவர், நான்காம் நாள் கண்விழித்து, மூப்பர் ஒருவரை அழைத்துவரும்படி மகளின் மகனை அனுப்பினார். அது இராக்காலம், மூப்பரும் வியாதியாய்ப் படுத்திருந்தார். ஆனால் மரிக்கிறவர்கள் கேட்டால் மறுக்கலாகாது என்பது தியோனீசியுவின் கட்டளை. ஆகையால் அவர் திருவிருந்து அப்பத்தில் ஒரு சிறு துண்டைச் சிறுவனிடம் கொடுத்து, நனைத்துத் தாத்தாவின் வாயிலிடச் சொன்னார். பேரன் வீட்டுக்குள் நுழையுமுன்பே, மூப்பரால் வர இயலவில்லை என்று அறிந்தவராய், சொன்னபடி சீக்கிரம் செய் என்றார் செராப்பியோன். சிறுவன் அப்பத்தை நனைத்து அவர் வாயிலிட்டான். அவர் அதைச் சிறிது விழுங்கினார். உடனே அவருடைய ஜீவன் பிரிந்தது.