பழுதுற்ற இழைமணிகளின் அகற்றமும் பார்க்கின்சன் நோயும்: உறவுமுறைத் திருமணச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உயிரணுக்குள் பழுதடைந்த இழைமணிகள் இனங்காணப்பட்டு அகற்றப்படும் முறை தடைபடும்போது, நடுமூளையின் டோபமின் நரம்பணுக்கள் நலிகின்றன என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதன் உயிர்வேதியியல் படிநிலைகளையும், அதற்கு ஆதாரமான சான்றுகளின் எல்லையையும், நெருங்கிய உறவில் மணம்புரியும் வழக்கமுடைய தமிழ்நாட்டுச் சூழலில் அதன் பொருத்தத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இழைமணி, தன்விழுங்கல், பிங்க்1, பார்க்கின், உறவுமுறைத் திருமணம்

நோயும் நரம்பணுவும்

1817ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்நோயில், கை நடுக்கம், தசை இறுக்கம், அசைவுகளின் மந்தம் ஆகியன முதன்மை அறிகுறிகள். நடுமூளையில் கருந்திட்டு எனப்படும் பகுதியிலுள்ள நரம்பணுக்கள் அழிவதே இவற்றின் காரணம். மூளையில் எத்தனையோ வகை நரம்பணுக்கள் இருக்க இவை மட்டும் முன்னதாக மடிவானேன் என்ற வினாவுக்கு, அவற்றின் உடலமைப்பே பெரும்பகுதி விடையளிக்கிறது. இவ்வகை நரம்பணு ஒன்றின் கிளைகளை எல்லாம் சேர்த்து நீட்டினால் மனிதரில் 4 மீட்டரையும் கடக்கும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. வெளித்தூண்டல் இன்றியே அவை ஓயாது துடிப்பதால், உள்ளே புகும் கால்சியத்தை வெளியேற்றுவதற்கும் ஆற்றல் தேவைப்படுகிறது. அவ்வாற்றலை வழங்கும் இழைமணிகள் தேய்வதும் அங்கேதான் மிகுதி.

இழைமணிக் கோளாற்றுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு எதிர்பாராத விதமாகவே வெளிப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் போதைப்பொருள் பயன்படுத்திய இளைஞர் சிலர், அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்னும் வேதிப்பொருளால், சில நாள்களுக்குள் முதிர்ந்த பார்க்கின்சன் நோயாளிகளைப் போல் உறைந்துபோயினர். அதன் விளைபொருள் இழைமணியின் முதலாம் கூட்டமைப்பை முடக்குகிறது. தாவர வேர்களிலிருந்து பெறப்படும் ரோட்டினோன் என்னும் பூச்சிக்கொல்லியும் அதையே செய்கிறது. எலிகளில் அது இந்நோயை ஒத்த சிதைவை உண்டாக்குவது 2000இல் காட்டப்பட்டது.

அடையாளமிடலும் அகற்றலும்

நலமான இழைமணிக்குள் பிங்க்1 என்னும் நொதி தொடர்ந்து இழுக்கப்பட்டு, வெட்டப்பட்டு, அழிக்கப்படுகிறது. ஆகவே அது எப்போதும் மிகக் குறைந்த அளவிலேயே இருக்கும். இழைமணியின் உட்சவ்வு மின்னழுத்தம் வீழ்ந்துவிட்டால் பிங்க்1 உள்ளே செல்ல இயலாமல் வெளிச்சவ்வில் தேங்குகிறது. இத்தேக்கமே பழுதின் அறிவிப்பு. தேங்கிய பிங்க்1, யுபிக்விட்டின் என்னும் சிறு புரதத்தின் 65ஆம் செரினில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. பார்க்கின் என்னும் நொதியையும் அவ்வாறே தூண்டுகிறது. தூண்டப்பட்ட பார்க்கின் மேலும் யுபிக்விட்டினை வெளிச்சவ்வுப் புரதங்களில் ஒட்ட, அதன்மீது பிங்க்1 மீண்டும் பாஸ்பேட் சேர்க்க, அடையாளம் விரைவில் பெருகுகிறது. ஆப்டினியூரின் முதலிய ஏற்பிகள் அவ்வடையாளத்தைப் பற்றிக்கொள்கின்றன. இரட்டைச் சவ்வுப் பை ஒன்று இழைமணியைச் சூழ்ந்து லைசோசோமிடம் சேர்க்கிறது. யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த தன்விழுங்கல் முறையின் ஒரு கிளையே இது.

பார்க்கின் மரபணு 1998இல் ஜப்பானியக் குடும்பங்களிலும், பிங்க்1 மரபணு மாற்றம் 2004இல் ஐரோப்பிய உறவுமுறைத் திருமணக் குடும்பங்களிலும் இனங்காணப்பட்டன. இரண்டும் ஒரே வழித்தடத்தில் அமைவதை 2006இல் பழ ஈக்கள் காட்டின. பழுதுற்ற இழைமணியை நோக்கிப் பார்க்கின் நகர்வது 2008இல் உயிரணு வளர்ப்பில் காணப்பட்டது.

இச்சான்றுகள் அனைத்தும் ஒரே எடையுள்ளவை அல்ல. 2008 சோதனையில் பார்க்கின் மிகையாக ஊட்டப்பட்டிருந்தது. இழைமணிகளின் மின்னழுத்தமும் வேதிப்பொருளால் ஒரேயடியாகக் குலைக்கப்பட்டது. உயிருள்ள மூளையில் அத்தகைய திடீர்ச் சிதைவு நிகழ்வதில்லை. பிங்க்1 நீக்கப்பட்ட எலிகளின் மூளையில் அன்றாட இழைமணி அகற்றம் பெரிதும் மாறாததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே இவ்வழித்தடம் நெருக்கடி நேரத்திற்குரியது, அன்றாடத் துப்புரவு வேறு வழிகளில் நடைபெறுகிறது எனக் கொள்வதே பொருந்தும். முதுமையில் வரும் பொதுவான பார்க்கின்சன் நோய்க்கும் இதே தடைதான் காரணம் என்று எளிதாக விரித்துரைக்கும் போக்கு, பாடநூல்களில் காணப்படினும், சான்றை மிஞ்சியது.

தமிழ்நாட்டுச் சூழல்

பார்க்கின், பிங்க்1 இரண்டின் மாற்றங்களும் ஒடுங்குநிலை மரபுரிமை உடையவை; தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற படி வந்தால்தான் நோய் தோன்றும். மாமன் மகளையோ அத்தை மகனையோ மணப்போரின் குழந்தைக்கு உள்ளிணைவுக் கெழு 1/16. தாய்மாமனை மணந்தால் அது 1/8. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கால்பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் இரத்த உறவுக்குள் நிகழ்ந்தவை. மதுரையும் வைகைக் கரையை ஒட்டிய பரவை முதலிய ஊர்களும் இவ்வழக்கத்திற்குப் புறம்பானவை அல்ல. எனவே இவ்வரிய மரபணு வகை, ஐரோப்பிய நூல்கள் உரைக்கும் அரிய நிலையிலேயே இங்கும் இருக்கும் என்று கருத இயலாது. தென்னிந்திய இளவயது நோயாளிகளிடம் பார்க்கின் மாற்றங்களைத் தேடிய சென்னைப் பல்கலைக்கழக மரபியல் துறையின் ஆய்வு 2012இல் வெளிவந்தது.

இதன் பயன் ஆய்வகத்தோடு முடிவதன்று. முப்பது வயதில் காலில் முறுக்கமும் கையில் நடுக்கமும் தோன்றியவரை ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் சத்து மாத்திரையுடன் விட்டுவிடுதல் இன்றும் நிகழ்கிறது. பார்க்கின் வகை நோயாளிகள் குறைந்த அளவு லெவோடோபாவுக்கே நன்கு இசைகின்றனர்; நோயும் மெதுவாகவே முற்றுகிறது. அதேவேளை, அம்மருந்தால் எழும் தன்னிச்சையற்ற அசைவுகள் அவர்களிடம் முன்னதாகத் தோன்றக்கூடும். பெற்றோரின் உறவுமுறையைக் கேட்டறியும் ஒரு வினாவே மரபணுச் சோதனையின் தேவையை மருத்துவருக்கு உணர்த்திவிடும். யுபிக்விட்டின் அடையாளத்தைக் கழற்றும் யுஎஸ்பி30 நொதியைத் தடுத்து அகற்றத்தை ஊக்குவிக்கும் மருந்துகள் தொடக்கநிலைச் சோதனையில் உள்ளன. பார்க்கின் முற்றிலும் இல்லாதவரிடம் கழற்றத்தக்க அடையாளமே குறைவாதலின், அவை யாருக்குப் பயன்படும் என்பதையும் நோயாளியின் மரபணு நிலையை அறிந்தே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.