உஷார்! ஆர்வியில் இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியா?

விடிகாலையில் இருவருக்கும் தலை கனக்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது. "நேத்து முழுக்க வண்டி ஓட்டின அசதி" என்கிறார் கணவர். "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை போலிருக்கு" என்கிறார் மனைவி. ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடியும் படுக்கிறார்கள். ஆர்வி எனும் வீட்டு வண்டியில் குளிர்காலத்தைக் கழிக்கக் கிளம்பும் எந்தத் தம்பதியும் செய்யவே கூடாத காரியம் இது. படுக்காதீர்கள்! ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டு உடனே வெளியே வாருங்கள்.

அக்டோபர் முடிந்ததும் கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வடமாநிலங்களிலிருந்தும் ஓய்வுபெற்ற தம்பதிகள் வீட்டைப் பூட்டிவிட்டு அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடா பக்கம் இறங்குகிறார்கள். பனிக்குத் தப்பிப் பறந்து போவதால் ஸ்னோபேர்ட் என்று பெயர். ஏப்ரல் வாக்கில்தான் திரும்புவார்கள். ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை ஆர்விகள்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிவிட்ட நம்மவர்களிடமும் இந்த ஆசை எட்டிப் பார்க்கிறது. நல்ல ஆசைதான், வாழ்நாளெல்லாம் உழைத்தவர்கள் ஊர் பார்க்கட்டும். ஆனால் படுக்கையிலிருந்து கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் கேஸ் அடுப்பும் ஹீட்டரும், தரைக்கு அடியிலோ வெளிச்சுவரை ஒட்டியோ ஜெனரேட்டரும் இருக்கிற இடம் அது. அங்கே ஆபத்து பெரும்பாலும் நீங்கள் தூங்கும்போதுதான் வரும்.

முதல் எமன் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாடை கிடையாது, கண் எரியாது. எரிபொருள் சரியாக எரியாதபோது உண்டாகும் இந்த வாயு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிடித்துக்கொள்கிறது. வீடு, வண்டி, படகு எல்லாம் சேர்த்து, தீ விபத்துகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலே அமெரிக்காவில் ஆண்டுக்கு 400 பேருக்கு மேல் இதனால் சாகிறார்கள் என்கிறது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம். தூக்கத்திலேயே போய்விடுவோரும் அதில் உண்டு.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி என்று சாதாரணக் காய்ச்சல் மாதிரியே தொடங்கும். ஆனால் காய்ச்சல் இருவரையும் ஒரே மணி நேரத்தில் பிடிக்காது. வெளியே போய் நின்றால் தெளிகிறது, உள்ளே வந்தால் திரும்பவும் வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து "98 காட்டுது, பயப்படாதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கருவிக்கு ரத்தத்தில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா இந்த விஷமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. உயிர் போய்க்கொண்டிருக்கும்போதும் நல்ல எண்ணையே காட்டும். வெளியே வந்து அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். ஜன்னலைத் திறக்கிறேன், பர்ஸை எடுக்கிறேன் என்று திரும்ப உள்ளே போகாதீர்கள்.

எங்கிருந்து வருகிறது? பாலைவனத்தில் பகல் இதமாக இருக்கும், ஜனவரி இரவு நடுக்கும். மின் இணைப்பு இல்லாத இடமென்றால் ஜெனரேட்டரை ஓடவிட்டுப் படுக்கத் தோன்றும். வேண்டவே வேண்டாம். கையில் தூக்கிச் செல்லும் ஜெனரேட்டர் என்றால் ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். உங்களுடையதை அணைத்தாலும் பக்கத்து வண்டிக்காரர் அணைக்காவிட்டால், அவருடைய புகை உங்கள் ஜன்னல் வழியாக வரும். கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்கிறார்கள் சிலர். அடுப்பு சமைக்க மட்டும்தான். புகைபோக்கி இல்லாத சின்ன புரொபேன் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்குவதும் அதே தப்பு.

பலருக்குத் தோன்றாத இன்னொரு காரணம் குளவி! ஆறு மாதம் வண்டி சும்மா நிற்கிறதே, அந்தக் கோடையில் ஹீட்டரின் புகைக்குழாய்க்குள் மண்குளவி கூடு கட்டிவிடும். நம் வீட்டு ஜன்னல் மூலையிலும் சுவிட்ச் பெட்டியிலும் கட்டுமே, அதே களிமண் உருண்டை. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் வாய் சுத்தமாகத் தெரியும். உள்ளே விரற்கடை அளவு மண் அடைத்திருந்தாலும் காற்றோட்டம் கெட்டு, நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகிவிடும், விஷவாயு கிளம்பும். சிலந்தியும் தண்ணீர் ஹீட்டரின் பர்னர் குழாயில் வலை பின்னி இதையே செய்யும். எனவே சீசனில் முதல் முறை பற்றவைக்கும் முன் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிச் சுத்தம் செய்யுங்கள். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் இருக்கிறதே என்பீர்கள். அதைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், தேதி அச்சடித்திருக்கும். மாடலைப் பொறுத்து ஐந்து முதல் பத்து ஆண்டுகள்தான் அதன் ஆயுள். சோதனைப் பட்டனை அழுத்தினால் 'பீப்' வருவது, சைரனும் மின்சுற்றும் வேலை செய்கின்றன என்பதற்கு மட்டுமே சாட்சி. உள்ளே வாயுவை உணரும் பகுதி செத்திருந்தாலும் பீப் வரும். வாடகை வண்டி என்றால் சாவியை வாங்கும் முன்பே இந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள். தரைக்குப் பக்கத்தில் இன்னொரு டிடெக்டர் இருக்கும். அது புரொபேன் கசிவுக்கு. புரொபேன் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. சில மாடல்களில் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும்.

இனி வானிலை. 1998 பிப்ரவரி 22 இரவு ஃபுளோரிடாவின் நடுப்பகுதியைச் சூறாவளிகள் தாக்கின. விடிவதற்குள் 42 பேர் இறந்தார்கள். கிஸிம்மியில் ஓர் ஆர்வி பூங்காவே நொறுங்கியது. 2010 ஜூன் 11 விடியலுக்கு முன் ஆர்கன்சா மாநிலத்தின் ஆல்பர்ட் பைக் முகாமில் ஆற்று வெள்ளம் புகுந்து 20 பேரைக் கொன்றது. 2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சாஸின் குவாடலூப் ஆறு முக்கால் மணி நேரத்தில் 26 அடி உயர்ந்தது. கரையோரம் நின்ற ஆர்விகள் ஆட்களோடு அடித்துச் செல்லப்பட்டன. அந்த வெள்ளத்தில் டெக்சாஸ் முழுக்க 130க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மூன்றும் நடந்தது இருட்டில். ஆற்றைப் பார்த்தபடி கிடைக்கும் இடத்துக்குக் கூடுதல் வாடகை கொடுத்துப் போட்டி போடுகிறார்களே, எனக்குப் பதறுகிறது! மேட்டில் இருக்கும் இடத்தைக் கேளுங்கள். சூறாவளி எச்சரிக்கை வந்தால் ஆர்விக்குள் இருப்பது மிக ஆபத்து. முகாமில் இறங்கிய அன்றே, கல்லால் கட்டிய குளியலறையோ அலுவலகமோ எங்கே இருக்கிறது என்று கேட்டு இருவரும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் அது எடுக்கக்கூடும், நள்ளிரவில் அலறி எழுப்பும். ஆனால் அமெரிக்காவில் எச்சரிக்கையைக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பெயர் சொல்லித்தான் படிப்பார்கள். தினம் ஓர் ஊரில் தங்குகிறவர்களுக்கு மாநிலம் தெரியும், அருகிலுள்ள நகரம் தெரியும், கவுண்டி தெரியாது. தங்கும் இடத்தின் கவுண்டி பெயரையும் உங்கள் இட எண்ணையும் தினமும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். 911-இல் பேசும்போதும் அதைப் பார்த்துத்தான் படிக்கப் போகிறீர்கள்.

கடைசியாக, படுக்கையறையில் சிவப்புப் பிடி போட்ட ஒரு ஜன்னல் இருக்கும். தீப்பிடித்துக் கதவுப் பக்கம் அடைபட்டால் அதுதான் வழி. வண்டி முழுவதும் பற்றிக்கொள்ளச் சில நிமிடங்கள் போதும். வாங்கிய நாள்முதல் திறக்காத ஜன்னல்கள் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு அசையவே அசையாது. கிளம்பும் முன் பகலில், பிள்ளைகள் யாராவது வெளியே நிற்க, இருவரும் தனித்தனியாகத் திறந்து இறங்கிப் பாருங்கள். தரை பல வண்டிகளில் ஆள் உயரத்துக்குக் கீழே இருக்கும். முட்டிவலி உள்ளவருக்கு அது முடியவில்லை என்றால் கட்டிலின் கீழே ஒரு கயிற்றேணி வாங்கி வையுங்கள். படுக்கும் இடத்தையும் கதவுப் பக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள்.