'இஸ்' எங்கே, 'ஹேவ்' எங்கே? மட்டாஞ்சேரித் தமிழருக்குக் கைகொடுக்கும் 'ஆணு'வும் 'உண்டு'ம்

மட்டாஞ்சேரியில் பிழைக்க வந்த தமிழருக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், காகிதத்தில் ஆங்கிலம். லீவு விண்ணப்பம், வங்கிப் படிவம், சரக்கு ரசீது, கணக்குத் தீர்க்கும் சீட்டு என்று பல காகிதங்கள் இன்னமும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. அவற்றில் நம்மவர் இடறி விழுவது பெரிய சொற்களில் என்று நினைத்தால் தவறு. பெரிய சொல்லை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். 'இஸ்', 'ஆர்', 'ஹேவ்', 'ஹாஸ்' என்ற சின்னச் சொற்களை யாரும் கேட்பதில்லை. தெரிந்ததுபோல் தாண்டிப் போய்விடுகிறார்கள். பணம் போவதும் அங்கேதான்.

இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் படிப்புக் குறைவு மட்டுமன்று. 'நான் குமாஸ்தா' என்றால் தமிழில் வாக்கியம் முடிந்துவிட்டது. அதில் வினைச்சொல்லே இல்லை. ஆங்கிலத்தில் 'ஆம்' என்ற சொல்லை இடையில் வைத்தே ஆகவேண்டும். 'எனக்கு இரண்டு பிள்ளைகள்' என்பதும் தமிழில் முழு வாக்கியம். ஆங்கிலத்துக்கு அங்கே 'ஹேவ்' வேண்டும்.

பவணந்தி முனிவரின் நன்னூல் இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. காலத்தை வெளிப்படையாகக் காட்டாத வினையைக் குறிப்பு வினை என்கிறார்கள். 'அவன் கரியன்' என்றால் கறுப்பாக இருக்கிறான் என்று பொருள். 'அவன் பொன்னன்' என்றால் பொன் உடையவன் என்று பொருள். முதலாவதற்கு ஆங்கிலத்தில் 'இஸ்' வேண்டும். இரண்டாவதற்கு 'ஹாஸ்' வேண்டும். தமிழில் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆகவே, நம்மவர் இரண்டையும் குழப்பிக்கொள்வதில் வியப்பு இல்லை.

மலையாளம் காட்டும் வழி

மட்டாஞ்சேரித் தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. 'ஞான் கிளார்க் ஆணு' என்று மலையாளத்தில் சொல்லப் பழகியவர், 'இஸ்' இருக்கவேண்டிய இடத்தைத் தம்மையறியாமலே கற்றுக்கொண்டுவிட்டார். ஒன்றை இன்னது என்று சொல்லும்போது 'ஆணு' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ஆம், இஸ், ஆர் மூன்றில் ஒன்று வரும். 'எனிக்கு ரண்டு குட்டிகள் உண்டு' என்பதில் 'உண்டு' நிற்கும் இடம் 'ஹேவ்' உடையது.

ஆளுக்கேற்ப மாறுவது மட்டும் மலையாளத்தில் கிடையாது. ஞானும் 'ஆணு', அவனும் 'ஆணு', அவர்களும் 'ஆணு'. அங்கே தமிழ் உதவுகிறது. இருக்கிறேன், இருக்கிறான், இருக்கிறார்கள் என்று மாற்றிப் பேசும் நமக்கு ஆம், இஸ், ஆர் என்று மாறுவது புதிதல்ல. ஆனால் 'உண்டு' என்ற சொல் எல்லாப் பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொது என்று நன்னூலே சொல்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் 'ஹி ஹேவ்' என்று எழுதிவிடுகிறார்கள். அவன், அவள், அது என்று ஒருவராக இருந்தால் 'ஹாஸ்' என்பதை மனத்தில் நிறுத்தவேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. காய்ச்சலுக்கு மலையாளத்தில் 'பனி' என்று பெயர். 'எனிக்கு பனியாணு' என்பதை அப்படியே மாற்றினால் 'ஐ ஆம் ஃபீவர்' ஆகிவிடும். நானே காய்ச்சல் என்று பொருள்படும். வாக்கியம் 'எனக்கு' என்று தொடங்கினால் 'ஹேவ்', 'நான்' என்று தொடங்கினால் 'ஆம்' என்று வைத்துக்கொள்வது பெரும்பாலும் சரியாக வரும். வயதும் பசியும் விதிவிலக்கு. 'எனக்கு 32 வயது', 'எனக்குப் பசிக்கிறது' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'ஐ ஆம்' என்றுதான் தொடங்கவேண்டும். பிரெஞ்சு மொழியில் இந்த இரண்டுக்குமே 'உடையேன்' என்ற வினை வரும். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்' என்று எழுதுவதும் வழக்கத்தில் இருக்கிறது. உடைமை ஒரு நிலை. செய்துகொண்டிருக்கும் வேலை அல்ல. அதனால் இலக்கண ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ்' போதும். 'ஹேவிங் லஞ்ச்' என்பது சரி, ஏனெனில் அங்கே அந்தச் சொல்லுக்குச் சாப்பிடுவது என்று பொருள்.

கப்பலில் வந்த 'ஹேவ்'

நம்மவர் இதற்காக வெட்கப்படவேண்டியதில்லை. மட்டாஞ்சேரித் தெருக்களில் புழங்கும் மொழிகளை எண்ணிப் பார்க்கலாம். குஜராத்தி, கொங்கணி, உருது ஆகியவற்றிலும் தமிழைப்போலவே 'எனக்கு இருக்கிறது', 'என்னிடம் இருக்கிறது' என்ற அமைப்புதான். 1568-ல் கட்டப்பட்ட யூதர் ஆலயத்தில் ஒலித்த எபிரேய மொழியிலும் 'ஹேவ்' என்ற வினை இல்லை. 'எனக்கு உண்டு' என்றே அதிலும் சொல்வார்கள். உடைமைக்கென்று தனி வினை வைத்திருந்தவை, இங்கே கோட்டையும் பண்டகசாலையும் கட்டி ஆண்டவர்களின் மொழிகள். போர்த்துக்கீசியர், 1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர், 1795-ல் வந்த ஆங்கிலேயர் ஆகிய மூவர் மொழியிலும் அது உண்டு.

ஆம், இஸ், பி, வாஸ் என்று ஒரே வினை இத்தனை வேடம் போடுவதற்கும் காரணம் உண்டு. அவை பழங்காலத்தில் வெவ்வேறு வினைகள். பின்னால் ஒன்றாகச் சேர்ந்தவை. 'இஸ்' என்பதற்குச் சமஸ்கிருத 'அஸ்தி' உறவு. 'பி' என்பதற்கு 'பவதி' உறவு.

கையெழுத்துக்கு முன்

இலக்கணம் இதுவரை பேச்சளவில் இருந்தது. காசு விஷயத்தில் அது கையைக் கடிக்கும். லாரி ரசீதைப் பார்த்த கிட்டங்கிக் குமாஸ்தாக்களுக்கு இது தெரியும். 'பெய்டு' என்றிருந்தால் சரக்கை அனுப்பியவரே வாடகையைக் கட்டிவிட்டார். 'டு பே' என்றிருந்தால் பெறுகிறவர் கட்டவேண்டும். 'டு' என்ற ஒரு சின்னச் சொல், பணம் கொடுக்கும் ஆளையே மாற்றிவிடுகிறது.

கூலிச் சீட்டிலும் அதுவே. 'ஹாஸ் பீன் பெய்டு' என்றால் கொடுத்தாகிவிட்டது. 'இஸ் டு பி பெய்டு' என்றால் இனிமேல்தான் கொடுக்கவேண்டும். 'ஐ ஹேவ் ரிசீவ்டு' என்றால் நான் பெற்றுக்கொண்டேன். 'ஐ ஹேவ் டு ரிசீவ்' என்றால் நான் பெறவேண்டியிருக்கிறது. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். நாளைக்குப் பணம் தருவதாகச் சொல்லி இன்று கையெழுத்துக் கேட்கும் சீட்டில் 'ஐ ஹேவ் ரிசீவ்டு' என்றிருந்தால், கையெழுத்திட்டவர் வாங்காத பணத்தை வாங்கியதாக ஒப்புக்கொண்டுவிட்டார். பிறகு வாங்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில்தான் விழும்.

இங்கேயும் மலையாளம் கைகொடுக்கிறது. 'கிட்டி' என்றால் கிடைத்துவிட்டது. 'கிட்டானுண்டு' என்றால் இன்னும் வரவேண்டியிருக்கிறது. கடைக்கணக்கில் தினமும் காதில் விழும் சொற்கள் இவை. ஆங்கிலச் சீட்டை நீட்டுகிறவரிடம், 'இது கிட்டியதா, கிட்டானுள்ளதா?' என்று கேட்பதில் கெளரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பணம் கைக்கு வராத நிலையில், 'ஹேவ்' அல்லது 'ஹாஸ்' என்ற சொல்லை அடுத்து 'டு' இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்கவேண்டும். 'டு' இருந்தால் பணம் இனிமேல்தான் வரும். 'டு' இல்லாமல் 'ரிசீவ்டு' அல்லது 'பீன் பெய்டு' என்றிருந்தால், பணத்தை எண்ணி வாங்கும்வரை பேனாவை மூடியே வைத்திருப்பது நல்லது.