உங்களுக்குத் தெரியுமா? அரசுப் பள்ளி டீச்சர், தனியார் பள்ளி மிஸ்

● சம்பளம் கூடினால் ஆசிரியருக்கு வேலையில் திருப்தியும் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்கக் கல்வித்துறையின் புள்ளிவிவர மையம் 1997-ல் வெளியிட்ட அறிக்கை வேறு கதை சொன்னது. அங்கே தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் குறைவு. ஆனாலும் அரசுப் பள்ளி ஆசிரியர்களைவிட அவர்களே அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். தலைமையாசிரியரின் ஆதரவு, பிள்ளைகளின் நடத்தை, பெற்றோரின் துணை, பாடம் நடத்துவதில் சுதந்திரம் ஆகியவற்றோடுதான் திருப்தி நெருங்கிப் பிணைந்திருந்தது. சம்பளத்தோடு இருந்த தொடர்பு மிகவும் மெலிது.

● அந்த முடிவை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரக் கிராமங்களில் செய்த ஆய்வில் (2015), தனியார் பள்ளி ஆசிரியரின் சம்பளம் அரசுப் பள்ளி ஆசிரியர் வாங்குவதில் ஆறில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. வீட்டு வாடகைக்கே போதாத சம்பளத்தில் இருப்பவரிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

● இந்தோனேசியா தன் ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரண்டு மடங்காக்கியது. ஆசிரியர்களின் பணக் கவலை குறைந்தது, கூடுதலாக வேறு வேலை பார்ப்பதும் குறைந்தது, வருமானத்தில் திருப்தி கூடியது. பிள்ளைகளின் மதிப்பெண் மட்டும் நகரவில்லை. இதை வைத்துச் சம்பளமே வீண் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கவலையில்லாமல் வாழ்வது ஆசிரியருக்கும் உரிமைதான்.

● கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்தால் அதிகம் காதில் விழுவது எமிஸ் எனும் பள்ளித் தகவல் இணையதளத்தில் செய்யும் பதிவேற்றமும் புள்ளிவிவரப் படிவங்களும்தான்.  இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும் தொடக்கப் பள்ளியில் ஒருவர் கைப்பேசியோடு நெட்வொர்க் தேடி நின்றால், வகுப்பு என்ன ஆகும்?

● அரசு வேலையின் பெரிய நிம்மதி நிரந்தரம். அதுவும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுப்போரில், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்களும் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நிலை.

● அரசுப் பள்ளியில் இருப்பவர் எல்லோரும் நிரந்தர ஆசிரியர் என்று எண்ண வேண்டாம். தமிழகத்தில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி போன்ற பாடங்கள். அப்போது மாதம் 5,000 ரூபாய். அதை 12,500 ஆக்குவதாக 2023-ல்தான் அரசு அறிவித்தது.

● தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு. தொடர்ச்சியாக ஐந்தாண்டு பணி முடித்தவர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கேட்டுப் பெறலாம். இது எளிதில் கிடைத்த உரிமை இல்லை. 1988-ல் உச்ச நீதிமன்றம், தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் ‘தொழிலாளர்’ ஆகமாட்டார் என்றது. 2004-ல் பணிக்கொடைச் சட்டத்திலும் ஆசிரியருக்கு இடமில்லை என்றது. நாடாளுமன்றம் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்று ஆக்கியது. தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்ட் 29-ல்தான் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. இவ்வளவுக்குப் பிறகும், தனக்குப் பணிக்கொடை உண்டு என்பதே தெரியாமல் விலகிப் போகும் மிஸ்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

● தமிழக அரசுப் பள்ளி ஆசிரியைக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம், சம்பளத்தோடு. கேரளம் 2020-ல் தனியார் கல்வி நிலையங்களில் வேலை செய்யும் பெண்களையும் மகப்பேறு சலுகைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

● கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது தனியார் பள்ளி ஆசிரியர்கள் பலர் சம்பளமில்லாமல் கூலி வேலைக்குப் போனார்கள். தெலங்கானா அரசு 2021 ஏப்ரலில் அவர்களுக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் அறிவித்தது.

● பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (OECD) நடத்திய 2018 ஆய்வில், உறுப்பு நாடுகளின் ஆசிரியர்களில் சராசரியாக 90 சதவீதம் பேர் தங்கள் வேலையில் திருப்தி என்றார்கள். சமூகம் தங்களை மதிக்கிறது என்றவர்கள் 26 சதவீதமே. அதே கேள்விக்குச் சிங்கப்பூரில் 72, வியட்நாமில் 92.

● அடுத்த அட்மிஷன் சமயத்தில் தனியார் பள்ளிக்குப் போகும் பெற்றோர், ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: “இங்கே டீச்சர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள்? மே மாதச் சம்பளம் கொடுக்கிறீர்களா?” அரசுப் பள்ளிப் பெற்றோர் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போய், ஆசிரியர் எண்ணிக்கை போதுமா என்று கேளுங்கள். இரண்டு இடத்திலும் பதில் வரும்வரை விடாதீர்கள்.