சிங்கப்பூரும் தூத்துக்குடியும் ஒரே ஒப்பந்தத்தில்

ஆழ்வார்திருநகரியில் திருச்செந்தூர் வண்டி ஏறினால் அடுத்த ஸ்டேஷன் நாசரேத். இன்னும் கொஞ்ச தூரம் போனால் அரபு வணிகத்தில் தழைத்த காயல்பட்டினம். நம்மாழ்வார் பிறந்த ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நம் கையில் இருக்கும் மிகப் பழைய நூல், 1578-ல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. அதைத் தமிழில் தந்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் பல்லாண்டு ஊழியம் செய்தது இந்தப் புன்னைக்காயலில்தான். இப்படிப்பட்ட மண்ணில் வளரும் பிள்ளைகளுக்கு உலக வரலாறு, எங்கோ ஐரோப்பாவில் யாருக்கோ நடந்த கதையாகப் போய்ச் சேர்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் 'புரட்சிகளின் காலம்' என்றொரு பாடம் உண்டு. அமெரிக்க விடுதலைப் போரும் பிரெஞ்சுப் புரட்சியும் அதில் வருகின்றன. கட்டபொம்மன் வருவதோ பத்தாம் வகுப்பில், வேறு புத்தகத்தில். பாஸ்டில் சிறை தகர்ந்தது 1789-ல். கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799-ல். நடுவில் பத்தே வருடம். எகிப்திலிருந்து திரும்பிய நெப்போலியன் பாரிஸ் வந்து இறங்கியதும் கட்டபொம்மன் தூக்கில் ஏறியதும் 1799 அக்டோபரின் ஒரே வாரத்தில். ஒன்று ஒரு வகுப்பிலும் மற்றது அடுத்த வகுப்பிலும் இருப்பதால், இரண்டும் ஒரே காலம் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது.

தூத்துக்குடியில் ஏறி இறங்கிய கொடிகளைச் சொன்னாலே அந்தப் பாடம் பாதி முடிந்துவிடும். போர்ச்சுக்கீசியர் கையிலிருந்த துறைமுகத்தை டச்சுக்காரர்கள் 1658-ல் பிடித்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் அவர்களுடைய கொடிதான் பறந்தது. 1782-ல் ஆங்கிலேயர் வந்து அதை இறக்கினார்கள். காரணம் தூத்துக்குடியிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு டச்சு வணிகர்கள் ஆயுதமும் சரக்கும் விற்றார்கள். அந்தக் கோபத்தில் 1780 டிசம்பரில் பிரிட்டன் டச்சுக்காரர்கள் மீது போர் அறிவித்தது. போரின் ஒரு முனை மன்னார் வளைகுடா வரை நீண்டது. சமாதானம் ஆன பிறகு, 1785-ல் ஊர் மறுபடியும் டச்சுக்காரர் கைக்கு வந்தது.

அதுவும் பத்து வருடம் போல்தான் நிலைத்தது. 1795 தொடக்கத்தில் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஹாலந்துக்குள் புகுந்தது. ஆட்சியாளர் இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார். டச்சுக் குடியேற்றங்கள் பிரான்ஸின் கைக்குப் போய்விடக் கூடாதென்று ஆங்கிலேயர் முந்திக்கொண்டார்கள். நன்னம்பிக்கை முனை, இலங்கைக் கரை, தூத்துக்குடி என்று ஒவ்வொன்றாக அவர்கள் வசம் வந்தன. நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1818-ல் தூத்துக்குடி திரும்பவும் டச்சுக்காரருக்கு. கடைசியில் 1824 மார்ச்சில் லண்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியாவில் தங்களிடம் இருந்த இடங்களையும் மலாக்காவையும் டச்சுக்காரர்கள் விட்டுக்கொடுத்தார்கள். சிங்கப்பூர் ஆங்கிலேயருக்கே என்று ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்குச் சுமத்ராவில் பென்கூலன் அவர்களுக்குக் கிடைத்தது. அதன்படி 1825-ல் தூத்துக்குடி முழுதாக ஆங்கிலேயர் வசமானது. சித்தப்பாவோ மாமாவோ சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இந்தப் பக்கத்து வகுப்புகளில் எத்தனையோ பேர். அந்த ஊரின் தலைவிதியும் தங்கள் துறைமுகத்தின் தலைவிதியும் ஒரே தாளில் எழுதப்பட்டன என்று கேட்டால், அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காராதா?

பருத்தியும் இப்படித்தான். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதும் லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்குத் தவித்தன. கரிசல் காட்டுப் பருத்திக்கு விலை ஏறியது; 1865-ல் போர் முடிந்ததும் இறங்கியது. முத்தின் கதையும் உலகக் கதைதான். ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929-க்குப் பிந்தைய பெருமந்தமும் சேர்ந்து இயற்கை முத்தின் சந்தையை உலகமெங்கும் சாய்த்தன. பத்தாம் வகுப்பில் பெருமந்தத்தைப் படிக்கும் இந்த முத்துக்குளித்துறைக் கரைப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எங்கே கிடைக்கும்?

பாடத்தை முடிக்கவே நாள் போதவில்லை, பரீட்சையில் வராததைச் சொல்லிக்கொடுத்து என்ன பயன் என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களுடைய நெருக்கடி உண்மையானது. ஆனால் என் பயமே அங்கேதான் தொடங்குகிறது. பாடப்புத்தகத்தின் இடத்தைக் கைடு பிடித்துவிட்டது. முதல் உலகப்போருக்கு உடனடிக் காரணம் எது, வெர்சேல்ஸ் உடன்படிக்கை எந்த ஆண்டு என்று வரலாறு ஒரு மதிப்பெண் வினாக்களாகச் சுருங்கிவிட்டது. 'தேர்ச்சி பெற இது போதும்' என்று மெல்லக் கற்போருக்குத் தரப்படும் குறிப்புகளில் காரணம் கழன்று ஆண்டு மட்டும் எஞ்சுகிறது. ஏன் நடந்தது என்று கேட்கவே பழகாத பிள்ளை, நாளைக்கு வாட்ஸ்அப்பில் வரும் எந்த வரலாற்றையும் அப்படியே நம்பிவிடும். யார் யாரை ஆண்டார்கள், எந்தச் சாதி எங்கிருந்து வந்தது, எந்த மதம் யாரை அழித்தது என்று தினமும் வந்து விழுகிற துணுக்குகளை எதிர்த்து ஒரு கேள்விகூட அதனிடம் இருக்காது.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வில் காலக்கோடு வரையச் சொல்லும் வினா வருகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே பாரிஸ், லண்டன், நியூயார்க். கீழே தூத்துக்குடி, பாஞ்சாலங்குறிச்சி, புன்னைக்காயல் என்று எழுதிப் பழக்கினால் ஒரே பீரியடில் இரண்டு பாடமும் நடந்துவிடும். மதிப்பெண்ணும் குறையாது.

காலமும் அதிகம் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவோ கணினிப் பிரிவோ எடுக்கும் பிள்ளை வரலாற்றுப் புத்தகத்தைத் திரும்பத் தொடப்போவதில்லை. டாக்டர், இன்ஜினியர், கப்பல் மாலுமி, நாளைக்குக் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தில் வேலைக்குச் சேரப்போகிறவர் என எல்லாருக்கும் உலக வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடத்திடம் இருப்பது ஒன்பதும் பத்துமான இரண்டே வருடம். அதிலும் கடைசி மாதங்களைத் திருப்புதல் தேர்வு எடுத்துக்கொள்கிறது.