மியூஸ் ஆற்றங்கரையின் இரு ஓவியர்கள்: சிற்றூர் தந்தது என்ன?



ஒரு கலைஞரைப் பற்றிக் கருத்து விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர்கள் பலர் ‘இங்கே பிறந்தார், இதை வரைந்தார், புகழ் பெற்றார்’ என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். பிறந்த ஊருக்கும் படைப்புக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் கட்டுரை வளரும். அப்படிக் கேட்டுப் பார்க்க ஏற்ற இருவர், யோவாகிம் பட்டினிர், ஹெர்ரி மெட் டெ பிளெஸ் என்ற 16ஆம் நூற்றாண்டு பிளெமிஷ் ஓவியர்கள்.

எதிரெதிர் கரைகள்

பெல்ஜியத்தின் தென்பகுதியில், மியூஸ் ஆற்றங்கரையில் டினான் என்ற சிறு நகரம் இருக்கிறது. ஆற்றின் மறுகரையில், சற்றுத் தள்ளி பூவின் என்ற சிற்றூர். பூவின் இன்று டினான் நகராட்சிக்குள் வருகிறது. அந்தக் காலத்தில் நிலைமை வேறு. டினான் லியேஜ் ஆயரின் ஆட்சியில் இருந்தது. பூவின் நாமூர் சிற்றரசைச் சேர்ந்தது. இரண்டும் உலோகத் தொழிலில் போட்டி போட்ட ஊர்கள். 1466ஆம் ஆண்டு பர்கண்டிப் படை டினானைச் சூறையாடியது.

பட்டினிர் டினானில் அல்லது பூவினில் பிறந்தவராகவும், பிளெஸ் பூவினில் பிறந்தவராகவும் கருதப்படுகிறார்கள். டினான் இன்று பிரெஞ்சு பேசும் வலோனியாவில் இருக்கிறது. அப்புறம் ஏன் இவர்களைப் ‘பிளெமிஷ்’ ஓவியர்கள் என்கிறோம்? கலை வரலாற்றில் இந்தச் சொல் தாய்மொழியைக் குறிப்பதில்லை. இன்றைய பெல்ஜியப் பகுதியில் அன்று வளர்ந்த ஓவிய மரபைத்தான் குறிக்கிறது. அந்த மரபின் பெரிய சந்தை ஆண்ட்வெர்ப் துறைமுக நகரம்.

பின்னணி முன்னுக்கு வந்த கதை

பட்டினிர் 1515இல் ஆண்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தில் தலைமைக் கலைஞராகப் பதிவு பெற்றார். 1524இல் இறந்தார். இடையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள்தான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய மாற்றம் நடந்தது.

அதுவரை ஐரோப்பிய ஓவியங்களில் புனிதர்கள் பெரிதாக நிற்பார்கள். மலையும் ஆறும் பின்னால் சிறிதாகத் தெரியும். பட்டினிர் இதைத் தலைகீழாக்கினார். அவருடைய ஓவியத்தில் மலை, ஆறு, வானம் எல்லாம் பலகை முழுக்க விரியும். புனிதர் ஒரு மூலையில் சின்னதாக இருப்பார். உயரத்தில் நின்று பார்ப்பது போன்ற காட்சி. அருகில் பழுப்பு, நடுவில் பச்சை, தொலைவில் நீலம் என்று நிறங்கள் மாறுவதால் தூரம் கண்ணுக்குப் புலப்படும்.

மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ஓவியம் ஒன்றைப் பாருங்கள். கிரேக்கப் புராணத்தின் படகோட்டி சாரோன் ஓர் உயிரை ஏற்றிக்கொண்டு ஸ்டிக்ஸ் ஆற்றில் வருகிறான். இடக்கரையில் சொர்க்கம், வலக்கரையில் நரகம். படகில் இருக்கும் சிறிய உருவம் நரகத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. கதை அவ்வளவுதான். ஆனால் ஓவியத்தின் பெரும்பகுதியை அகன்ற ஆறே பிடித்துக்கொள்கிறது. எந்தக் கரைக்குப் போவது என்ற முடிவின் கனத்தை அந்த வெறும் தண்ணீரே உணர்த்துகிறது.

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1520, 1521ஆம் ஆண்டுகளில் ஆண்ட்வெர்ப்பில் தங்கியபோது பட்டினிரோடு பழகினார். அவர் திருமணத்துக்கும் போனார். தம் நாட்குறிப்பில் அவரை இயற்கைக்காட்சி ஓவியர் என்றே குறிப்பிட்டார். இயற்கைக்காட்சி தனித் துறையாக மதிக்கப்படத் தொடங்கியதற்கு இது ஒரு சான்று.

உலையும் ஆந்தையும்

பட்டினிருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர் பிளெஸ். ‘மெட் டெ பிளெஸ்’ என்றால் நெற்றியில் வெள்ளை முடிக்கற்றை உள்ளவர் என்று பொருள். இத்தாலியில் அவருக்கு ‘ஆந்தை’ என்று பட்டப்பெயர். பல ஓவியங்களில் ஒரு சிறிய ஆந்தையை ஒளித்து வரைந்திருப்பார். அவர் பாறைகளோடு நிற்கவில்லை. சுரங்கம், உலை, வேலை செய்யும் மனிதர்கள் ஆகியவற்றையும் காட்சிக்குள் கொண்டுவந்தார். பிளாரன்ஸ் நகரின் உஃபிசி அருங்காட்சியகத்தில் அவருடைய சுரங்க ஓவியம் ஒன்று உள்ளது.

ஊர் பாதி, நகரம் பாதி

டினானில் சுண்ணாம்புப் பாறைகள் ஆற்றை ஒட்டிச் செங்குத்தாக எழுகின்றன. கோட்டை நிற்கும் பாறை சுமார் 100 மீட்டர் உயரம். பட்டினிரின் விசித்திரமான பாறைகளைப் பார்ப்பவர்களுக்கு டினான் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. அதற்காக அவர் டினானை அப்படியே வரைந்தார் என்று சொல்லிவிட முடியாது. சொந்த ஊரில் பார்த்த வடிவங்களைக் கற்பனையோடு சேர்த்தார் என்பதே பொருத்தம்.

ஊர் மட்டும் போதுமா? போதாது. ஆண்ட்வெர்ப்பில் ஓவியர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பிராடோவில் உள்ள ‘புனித அந்தோனியாரின் சோதனை’ ஓவியத்தில் மனித உருவங்களை வரைந்தவர் குவென்டின் மட்சைஸ். இயற்கைக்காட்சியை வரைந்தவர் பட்டினிர். மலை வரைவதையே ஒருவர் தொழிலாகக் கொள்ள அப்படிப்பட்ட பெருநகரம் தேவைப்பட்டது. பார்வையை ஊர் தந்தது. அதற்கு விலையை நகரம் தந்தது.

தேர்வு மாணவர்களுக்கு

1. பதிவுச் சான்று உள்ளதை ‘பதிவு பெற்றார்’ என்று உறுதியாக எழுதுங்கள். ஊகத்தை ‘கருதப்படுகிறது’ என்று எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.
2. ‘ஊருக்குப் பெருமை சேர்த்தார்’ என்று எழுதினால், அடுத்த வாக்கியத்தில் எப்படி என்பதையும் எழுதுங்கள்.
3. ஒரே காரணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஊர், தொழில், சந்தை என்று குறைந்தது இரண்டு காரணங்களையாவது இணைத்துக் காட்டுங்கள்.

ஆசிரியர்கள் சாரோன் ஓவியத்தைத் திரையில் காட்டி, “இதில் யார் முக்கியம், படகோட்டியா ஆறா?” என்று கேட்டுப் பாருங்கள். விடை எதுவானாலும் பரவாயில்லை. ‘ஏனென்றால்’ என்ற சொல்லோடு மாணவர் தொடர்ந்தால், விளக்கக் கட்டுரை அங்கேயே தொடங்கிவிட்டது.