இரண்டாம் செவ்வாய்க்கிழமை

பெங்களூர் டவுன் ஹால் பக்கம் இறங்கி எஸ்.பி. ரோட்டுக்குள் நுழைந்தால், ஒரு கம்ப்யூட்டரின் பிறப்பு முதல் கடைசி வரை அந்த ஒரே தெருவில் பார்த்துவிடலாம். முழுப் பெயர் சாதர் பத்ரப்பா சாலை. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்பதில்லை. ஐ.டி. நிறுவனங்கள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்த லேப்டாப்புகள் இங்கே கடைகடையாக அடுக்கியிருக்கும். கல்லூரிப் பிள்ளைகளும் டியூஷன் சென்டர் நடத்துபவர்களும் சின்ன ஆடிட்டர் ஆபீஸ்காரர்களும் பேரம் பேசி வாங்கிப் போவார்கள். கன்னடம், தமிழ், உருது, இந்தி எல்லாம் ஒரே கல்லாவில் புழங்கும். 2025 அக்டோபருக்குப் பிறகு அங்கே திரும்பத் திரும்பக் கேட்கிற பேச்சு இந்த மாதிரிதான்:

"அண்ணா, லேப்டாப் நல்லாத்தான் ஓடுது. அப்டேட் வர்றது மட்டும் நின்னுபோச்சு."

"எத்தனாவது ஜெனரேஷன்?"

"ஏழு."

"ஏழா? அதுல பதினொண்ணு ஏறாதுப்பா."

திரையில் கீறல் இல்லை. கீபோர்டில் எழுத்து தேயவில்லை. பேட்டரி இரண்டு மணி நேரம் நிற்கிறது. பிறகு இதில் எதுதான் பழசாகிவிட்டது?

மென்பொருள் துருப்பிடிப்பதில்லை. 2015இல் எழுதிய ஒரு வரி 2035இலும் அதே வரிதான். மாறுவது அதைச் சுற்றியுள்ள உலகம். விண்டோஸ் போன்ற ஓர் இயங்குதளத்தில் கோடிக்கணக்கான வரிகள் இருக்கின்றன. அவ்வளவு பெரிய எழுத்தில் பிழை இல்லாமல் இருக்காது. சில பிழைகள் வெறும் எரிச்சல். சில, அந்நியர் உள்ளே நுழைய வழிவிடுபவை. இப்படி ஒன்று தெரியவரும்போது அதை அடைக்க அனுப்பும் சிறு திருத்தத்தைத்தான் பாதுகாப்பு அப்டேட் என்கிறோம். 2003 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் இந்தத் திருத்தங்களை மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் மொத்தமாக வெளியிடுகிறது. 2015 ஜூலை 29இல் வந்த விண்டோஸ் 10க்குக் கடைசி இலவசத் திருத்தம் வந்த 2025 அக்டோபர் 14ஆம் நாளும் ஓர் இரண்டாம் செவ்வாய்தான்.

அப்டேட் நின்றுவிட்டால் கம்ப்யூட்டர் நேற்று இருந்த பாதுகாப்போடு அப்படியே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இருப்பதில்லை, மாதாமாதம் அது பலவீனமாகிக்கொண்டே போகும். ஒரு தெருவில் எல்லா வீடுகளையும் ஒரே மேஸ்திரி கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கொல்லைக்கதவின் தாழ்ப்பாளை மாற்றுகிறார்கள். அதைப் பார்த்த திருடனுக்கு, மற்ற வீடுகளிலும் அந்தத் தாழ்ப்பாள் சொத்தை என்று தெரிந்துவிடும். விண்டோஸ் 10உம் 11உம் அடியில் ஏராளமான பகுதிகளைப் பங்கிட்டுக்கொள்பவை. பதினொன்றுக்கு வரும் திருத்தத்தைப் பழைய கோப்போடு ஒப்பிட்டு, எந்த வரி மாறியது, ஏன் மாறியது என்று பிரித்துப் பார்ப்பதை வேலையாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள். திருத்தம் வராத வீட்டுக்கு அதுவே வழிகாட்டும் வரைபடமாகிவிடுகிறது.

2017 மே 12இல் வானாக்ரை பரவியபோது நடந்தது நினைவிருக்கலாம். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட அந்த நிரல் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளை முடக்கியது. இங்கே ஆந்திரக் காவல்துறையின் கம்ப்யூட்டர்களிலும் கேரளத்தின் வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் புகுந்தது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14இல், வந்துவிட்டது. ஆதரவு நின்று மூன்று வருஷமான விண்டோஸ் எக்ஸ்பிக்கு அப்போது திருத்தம் வரவில்லை. ஊர் பற்றி எரிந்த பிறகே அவசரமாக ஒன்று வெளியானது. ஆனால் அதிகம் அடிபட்டவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அவற்றுக்குத் திருத்தம் கிடைத்திருந்தது, போடத்தான் ஆளில்லை. அப்டேட் வராதது ஒரு நோய் என்றால் வந்ததைப் போடாதது இன்னொரு நோய். கடையில் இரண்டுக்கும் சேர்த்து 'பழைய கம்ப்யூட்டர்' என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள்.

சரி, ஏழாவது ஜெனரேஷனில் பதினொன்று ஏன் ஏறாது? 2021 அக்டோபர் 5இல் வெளியான விண்டோஸ் 11 இரண்டு கதவுகளை வைத்தது. ஒன்று டிபிஎம் 2.0. ரகசியச் சாவிகளை மற்ற மென்பொருள்கள் எட்டாத இடத்தில் பூட்டிவைக்கும் சின்னப் பெட்டகம் அது, தனிச் சில்லாகவோ பிராசஸருக்குள்ளேயோ இருக்கும். 2016, 2017இல் வந்த பல லேப்டாப்புகளில் இந்தப் பெட்டகம் இருக்கிறது. பயாஸில் அணைந்து கிடக்கும், தட்டி எழுப்பினால் போதும். உண்மையான சுவர் இரண்டாவது: பிராசஸர் பட்டியல். சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் என்றால் 2017 பிற்பகுதியில் வந்த எட்டாவது ஜெனரேஷனும் அதற்கு மேலும்தான் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இயங்குதளத்தின் உயிர்நாடியான பகுதியைத் தனியறையில் வைத்துக் காக்கும் புதிய பாதுகாப்பு முறைக்கு மிகப் பழைய பிராசஸர்கள் திணறுகின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்தையும் ஆயிரக்கணக்கான கருவிச் சேர்க்கைகளில் சோதித்துப் பார்க்கும் செலவும் கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவுதான். ஆனாலும் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே கோடு விழுந்ததை இயற்கையின் விதி என்று என்னால் ஏற்க முடியவில்லை. கோடு போட்டது ஒரு நிறுவனம். அதன் விலையைக் கொடுப்பது, கடன் வாங்கிப் பிள்ளைக்கு லேப்டாப் எடுத்துக் கொடுத்த குடும்பம்.

விண்டோஸின் பதிவேட்டில் (ரிஜிஸ்ட்ரி) சில வரிகளை மாற்றியும் தனிக் கருவிகளை வைத்தும் இந்தச் சுவரைத் தாண்டுபவர்கள் உண்டு. அப்படி ஏற்றிய பதினொன்றுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று யாரும் உறுதி தரவில்லை. 2024இல் வந்த 24ஹெச்2 பதிப்பு, எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத பிராசஸர்களில் தொடங்கவே மறுத்தது. கோர் 2 டுவோ காலத்து இயந்திரங்களுக்கு அத்தோடு குறுக்குவழியும் அடைபட்டது. முன்னது காகிதத் தடை, இது இரும்புத் தடை. தேவையான கட்டளையே சில்லுக்குள் இல்லாதபோது எந்தத் தந்திரமும் எடுபடாது.

எல்லாரும் விண்டோஸின் தேதியையே பேசுகிறார்கள். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னும் பல கடிகாரங்கள் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் நிற்கக்கூடியது. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். அதைப் புதுப்பிக்க வேண்டியவர் லேப்டாப் தயாரிப்பாளர், அவர் சில வருஷங்களில் கைவிட்டுவிடுவார். அந்த ஃபர்ம்வேருக்குள் செக்யூர் பூட் என்று ஒரு காவல் ஏற்பாடு உண்டு: முத்திரை சரியாக உள்ள இயங்குதளத்தை மட்டும் உள்ளே விடும். முத்திரையைச் சரிபார்க்கும் சான்றிதழ்கள் 2011இல் வழங்கப்பட்டவை. அவற்றின் காலம் 2026 ஜூனிலும் அக்டோபரிலும் முடிகிறது. அன்றைக்குக் கம்ப்யூட்டர் நின்றுவிடாது, வழக்கம்போல எழும். ஆனால் 2023ஆம் ஆண்டின் புதிய சான்றிதழ்களைப் பெறாத இயந்திரத்துக்கு, அந்தத் தொடக்கக் காவலைப் பலப்படுத்தும் பிற்காலத் திருத்தங்கள் சேராது. சில மாடல்களில் இதற்குத் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் அப்டேட் வேண்டும். கைவிடப்பட்ட மாடலுக்கு அதை யார் தருவார்?

விண்டோஸ் 7ஐப் புதிதாக ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இன்னொரு புதிர் தெரிந்திருக்கும். அப்டேட் தேடும், தேடும், கடைசியில் பிழை எண் ஒன்றைக் காட்டிப் படுத்துவிடும். கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. அப்டேட்டுகள் உண்மையானவைதான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து எஸ்ஹெச்ஏ-1 என்ற பழைய முறையிலிருந்து எஸ்ஹெச்ஏ-2க்கு 2019இல் மாறியது. பழைய விண்டோஸுக்குப் புதுக் கையெழுத்தைப் படிக்கத் தெரியாது. படிக்கக் கற்றுக்கொடுப்பதும் ஓர் அப்டேட்தான், அதைத் தனியே இறக்கி முதலில் கையால் போட வேண்டும். சாவி பெட்டிக்குள்ளேயே பூட்டிக் கிடந்த கதை.

இது விண்டோஸின் சிக்கல் மட்டுமல்ல. 2021 செப்டம்பர் 30 அன்று பழைய மேக் கணினிகளில் பல இணையதளங்கள் திடீரென்று 'பாதுகாப்பற்றவை' ஆயின. தளங்களில் எந்தக் குறையும் இல்லை. அவற்றுக்குச் சாட்சி சொன்ன மூலச் சான்றிதழ் ஒன்று அன்று காலாவதியானது. புதிய சாட்சி யாரென்று பழைய இயங்குதளத்துக்குத் தெரியவில்லை.

சில நேரம் நின்றுபோவது நிஜக் கடிகாரம்தான். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால், மின்சாரம் போகும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னுக்குப் போய்விடும். தேதி தப்பானால் சான்றிதழ்கள் எல்லாமே தப்பாகத் தெரியும்; அப்டேட்டும் வராது, பேங்க் தளமும் திறக்காது. புது லேப்டாப் வாங்க வேண்டுமோ என்று தவித்து வருபவர், மூலைக்கடையில் கிடைக்கும் ஒரு சின்ன பேட்டரியோடு வீடு திரும்பக்கூடும். அதனால்தான், அப்டேட் வரவில்லை என்றதும் முதலில் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

பழசை விட முடியாதவர்களின் நியாயத்தையும் கேட்க வேண்டும். டி.டி.பி. வேலை செய்பவர்களில் பேஜ்மேக்கரை இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். யூனிகோடுக்கு முந்தைய தமிழ், கன்னட எழுத்துருக்களில் இருபது வருஷமாகச் சேர்த்த பத்திரிகை மாதிரிகளும் புத்தகப் பக்கங்களும் அதற்குள்ளே இருக்கின்றன. புதிய கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்துகள் சிதறிவிடும் என்ற அவர்கள் பயம் வெறும் பயமல்ல. பீன்யா தொழிற்பேட்டை போன்ற இடங்களில் நிலைமை இன்னும் கடினம். ஒரு சிஎன்சி எந்திரம் இருபது வருஷம் இரும்பு கடையும். அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரின் இயங்குதளத்துக்கு ஆயுள் பத்து வருஷம். மூளைக்கு வயதாகிவிட்டது என்று உடம்பையும் சேர்த்துக் கழிக்க எந்தப் பட்டறையாலும் முடியாது. இப்படிப்பட்டவற்றுக்கு நேர்மையான வழி ஒன்றுதான்: இணையத்திலிருந்து முழுவதும் பிரித்து வைப்பது, கண்ட பென்டிரைவையும் செருகாமல் இருப்பது, கோப்புகளின் நகலை வேறு இடத்தில் வைத்திருப்பது.

ஏடிஎம்மை அப்படிப் பிரித்து வைக்க முடியாது. எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது 2014 ஏப்ரல் 8இல். அதற்கு நான்கு வருஷம் கழித்தும் நம் ஏடிஎம்கள் பல அதில்தான் ஓடின. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு விதித்தது: செப்டம்பருக்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் பாதி, மார்ச்சுக்குள் முக்கால், 2019 ஜூனுக்குள் முழுவதும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற வேண்டும். பொதுப் பணம் புழங்கும் இடத்தில் அந்தக் கண்டிப்பு வேண்டியதுதான்.

வீட்டு லேப்டாப்புக்கு அவ்வளவு இறுக்கம் இல்லை. விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தம் பெறும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அமைப்புகளை அதன் கணக்கோடு இணைத்துக்கொண்டால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். இது மூச்சுவிடக் கிடைத்த ஒரு வருஷம், அவ்வளவே. பிரவுசரும் மனதில் இருக்கட்டும். விண்டோஸ் 7இல் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இயங்குதளம் போன பின் பிரவுசர் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு அதுவும் கையை விடும்.

என் மனம் சாய்வது லினக்ஸ் பக்கம். ஏழாவது ஜெனரேஷன் அதற்குக் கிழமே அல்ல, நல்ல வாலிபம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஓர் எஸ்எஸ்டி போட்டால் வாங்கிய அன்றைக்கு ஓடியதைவிட வேகமாக ஓடும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற நம்மூர் முயற்சிகளும் உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் கன்னட கணக பரிஷத்தின் ககப விசைப்பலகையும் லினக்ஸில் கிடைக்கின்றன. ஆனால் எல்லாருக்கும் இதுவே மருந்து என்று சொன்னால் பொய்யாகிவிடும். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த டேலி இன்று விண்டோஸில்தான் ஓடும். கணக்கு எழுதுபவர் அதை விட்டு வர முடியாது. ஜெராக்ஸ் கடைதோறும் உழைக்கும் கேனன் எல்பிபி 2900 பிரின்டரை லினக்ஸில் ஓட வைப்பது பொறுமையைச் சோதிக்கும். மிகப் பழைய 32 பிட் இயந்திரங்களை லினக்ஸும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அவற்றில் நிறுவ வழி தரவில்லை.

எதுவும் சரிவராதது கடைசியில் தாபஸ்பேட்டைக்குப் போகலாம். தும்கூர் சாலையில் உள்ள அந்த ஊரில், 2005இல் தொடங்கிய இ-பரிசரா என்ற மின்கழிவு மறுசுழற்சி ஆலை இருக்கிறது; அரசு அனுமதியோடு இந்தியாவில் முதலில் வந்த ஆலை அது. தாமிரமும் தங்கமும் பிளாஸ்டிக்கும் அங்கே முறையாகப் பிரியும். உலகில் 2022இல் சேர்ந்த 6.2 கோடி டன் மின்கழிவில் இப்படி முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது கால் பங்குக்கும் குறைவு. மேலும், ஒரு லேப்டாப் தன் ஆயுளில் வெளியேற்றும் கார்பனின் பெரும்பகுதி அது தயாராகும்போதே வெளியேறிவிடுகிறது. ஓடுகிற இயந்திரத்தை இன்னும் மூன்று வருஷம் ஓட்டுவதற்கு ஈடாக எந்த மறுசுழற்சியும் இல்லை.

எஸ்.பி. ரோட்டில் நின்ற அந்த ஏழாவது ஜெனரேஷனுக்கு வருவோம். பிள்ளை பாடம் படிக்க, வீடியோ பார்க்க, ரெக்கார்டு நோட்டுக்குத் தட்டச்சு செய்யத்தான் அது வேண்டும் என்றால், கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு லினக்ஸ் மின்ட் 22 ஏற்றச் சொல்லுங்கள். ஒரு பென்டிரைவும் ஏறக்குறைய ஒரு மணி நேரமும் போதும். நிறுவும் முன்பே பென்டிரைவிலிருந்து ஓட்டி வைஃபை வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். எல்லாம் சரி என்றால், அந்த லேப்டாப்புக்குத் திருத்தங்கள் 2029 ஏப்ரல் வரை வரும்.